தள்ளுபடியான மனுவும் உள்ளே இருக்கும் தம்பியும்

கொட்டாஞ்சேனையில் இருந்து ஒரு சகோதரி எட்டுப் பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை யாரென்று காட்டிக்கொடுக்கக்கூடிய விபரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய தம்பிக்கு வயது 26. பதினான்கு மாதங்களுக்கு முன் ஒரு இரவு வீட்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தடுப்புக்காவல் கட்டளை போடப்பட்டிருக்கிறது என்று மூன்றாம் நாள்தான் தெரியவந்தது. ஐந்து மாதம் பொலிஸ் விசாரணைப் பிரிவு ஒன்றில் வைத்திருந்தார்கள். பிறகு நீதவான் முன் நிறுத்தி, விசாரணை முடியும்வரை சிறையில் வைக்கும் விளக்கமறியலுக்கு அனுப்பினார்கள். இப்போது ஒன்பது மாதமாக மகசின் சிறையில் இருக்கிறார். குற்றப்பத்திரம் இன்னும் வரவில்லை.

தம்பி பொலிஸ் தடுப்பில் இருந்த மூன்றாம் மாதத்தில், தாயார் மனுதாரராக நின்று மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு (பிடித்து வைத்திருப்பவரை நீதிமன்றத்தில் நிறுத்திக் காரணம் காட்டச் சொல்லும் மனு) போட்டார். தெரிந்தவர் மூலம் கிடைத்த சட்டத்தரணி முதல் இரண்டு தவணைக்கு வந்தார். பிறகு தொலைபேசியை எடுப்பதில்லை. அடுத்த தவணையன்று தாயார் இரத்த அழுத்தம் கூடி ஆஸ்பத்திரியில் இருந்தார், யாரும் போகவில்லை. அதற்கடுத்த தவணைக்குத் தாயார் தனியாகவே புதுக்கடைக்குப் போனார். காலையில் இருந்து மத்தியானம் வரை ஒரு நீதிமன்ற அறையில் உட்கார்ந்திருந்தார். பெயரைக் கூப்பிடவில்லை. "இன்றைக்கு எடுக்கவில்லைப் போல" என்று நினைத்து வீட்டுக்கு வந்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து மகள் பதிவாளர் அலுவலகத்தில் விசாரித்தபோதுதான், அன்று வழக்கு வேறொரு அறையில் கூப்பிடப்பட்டது என்றும், மனுதாரர் தரப்பில் எவரும் இல்லாததாலும் எதிர்மனுதாரர்களுக்கு அறிவித்தல் அனுப்பும் வேலை முடிக்கப்படாததாலும் மனு தள்ளுபடி செய்யப்பட்டது என்றும் தெரிந்தது. அது நடந்து இன்றைக்கு மூன்று மாதம்.

"தம்பியைப் பிடித்தது சரியென்று நீதிமன்றம் சொல்லிவிட்டதா? இனி மனுப் போடவே முடியாதா? கனடாவில் இருக்கும் மைத்துனர், ஒரு வருடக் கெடு உண்டு, இரண்டாவது மனு எடுக்கமாட்டார்கள் என்கிறார். இன்னொருவர், உயர் நீதிமன்றத்துக்கு ஆறு கிழமைக்குள் போயிருக்க வேண்டும், அதுவும் முடிந்துவிட்டது என்கிறார். தம்பி, விடு அக்கா, அம்மாவைப் பார் என்கிறான். அம்மா, நான்தான் பிள்ளையைக் கெடுத்துவிட்டேன் என்று சாப்பிடாமல் இருக்கிறா." கடிதம் அப்படி முடிகிறது.

அன்புள்ள சகோதரி,

முதலில் அம்மாவிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அவர் அன்று புதுக்கடைக்குப் போனார். அந்தக் கட்டடத்துக்குள் இருந்தார். பிழையான அறையில் இருந்தார், அவ்வளவுதான். மேல்மாடி, கீழ்மாடி என்று பல அறைகள், வாசலில் ஒட்டிய ஆங்கிலப் பட்டியல், ஒரு கணத்தில் கூப்பிட்டு முடிந்துவிடும் பெயர். பல வருடம் அங்கே நடக்கிற சட்டத்தரணிகளான எங்களுக்கே சில நாள் அறை மாறிப்போகும். சுகமில்லாத ஒரு தாய் தனியாகப் போய் அதைக் கண்டுபிடிக்கவில்லை என்பதற்காக அவரை யாரும் குறை சொல்ல முடியாது. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அம்மா அன்று அங்கே இருந்தார் என்பது சட்டத்தில் உங்களுக்குப் பயன்படக்கூடிய ஒரு விடயம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நீதிமன்றம் என்ன சொன்னது, என்ன சொல்லவில்லை

ஒரு மனு இரண்டு விதமாகத் தோற்கலாம். இரண்டு பக்கமும் வாதாடி, நீதிபதிகள் காரணம் எழுதி, "இந்தத் தடுப்புச் சட்டப்படியானது" என்று தீர்ப்புச் சொல்லலாம். அல்லது, மனுவை நடத்திக்கொண்டு போக ஆள் இல்லை, செய்யச் சொன்ன வேலை செய்யப்படவில்லை என்பதற்காக வழக்குக் கட்டை மூடிவைக்கலாம். உங்களுக்கு நடந்தது இரண்டாவது. தம்பியைப் பிடித்தது சரியா பிழையா என்ற கேள்வியை நீதிமன்றம் தொடவே இல்லை. அதனால் "நீதிமன்றமே சரியென்று சொல்லிவிட்டது" என்று யார் சொன்னாலும் நம்பவேண்டாம். பொலிஸார் சொன்னாலும்தான்.

ஆனால் நீங்கள் எழுதியிருப்பது பதிவாளர் அலுவலகத்தில் ஒருவர் வாயால் சொன்னது. கட்டளையில் எழுதியிருப்பதைப் பார்க்காமல் நானும் உறுதியாகப் பேசக்கூடாது. மனு மீளப்பெறப்பட்டது என்று எழுதியிருந்தால் ஒரு கதை, நடத்தத் தவறியதால் தள்ளுபடி என்று எழுதியிருந்தால் வேறு கதை. ஆகவே முதல் வேலை, வழக்கு எண்ணைக் கொடுத்து, தவணைக்குத் தவணை எழுதப்பட்ட குறிப்புகள், தள்ளுபடிக் கட்டளை, உங்கள் மனு, அம்மாவின் சத்தியக்கடதாசி எல்லாவற்றுக்கும் அத்தாட்சிப்படுத்திய பிரதி கேட்டு விண்ணப்பியுங்கள். இதற்குச் சட்டத்தரணி கட்டாயம் என்றில்லை. மனுதாரர் அம்மா என்பதால் அவரே கேட்கலாம்.

மைத்துனர் சொன்ன ஒரு வருடக் கெடு பொய்யில்லை. ஆனால் அது இந்த நாட்டுச் சட்டம் இல்லை. அமெரிக்காவில் 1996இல் கொண்டுவந்த ஒரு சட்டம், மாநில நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற கைதி மத்திய நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட ஒரு வருடக் கெடு வைத்தது; இரண்டாவது மனுவுக்கும் கடுமையான தடை போட்டது. அங்கேகூட, வழக்கின் சரி பிழையைப் பார்க்காமல், நடத்தத் தவறியதற்காக மட்டும் தள்ளப்பட்ட மனுவைப் பொதுவாக "முதல் மனு" என்று எண்ணுவதில்லை. அங்கே பெரிய ஆபத்து, மனு நீதிமன்றத்தில் கிடக்கும்போதும் அந்த ஒரு வருடம் ஓடிக்கொண்டே இருப்பதுதான். இணையத்தில் தேடினால் பெரும்பாலும் அந்த நாட்டு விடயங்கள்தான் முன்னுக்கு வரும். மைத்துனர் அக்கறையில்தான் தேடியிருக்கிறார், அவரைக் கோபிக்கவேண்டாம். இலங்கையில் ஆட்கொணர்வு அதிகாரம் அரசியலமைப்பின் 141ஆம் உறுப்புரையில் இருந்து வருகிறது. அங்கே அப்படியான கெடு எதுவும் எழுதப்படவில்லை. சட்டவிரோதமான தடுப்பு ஒவ்வொரு நாளும் தொடர்கிற ஒரு தவறு. அது தொடரும்வரை கதவும் திறந்திருக்கும்.

ஆறு கிழமைக் கெடு உண்மை. மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்புக்கு எதிராக உயர் நீதிமன்றத்திடம் விசேட அனுமதி கேட்பதற்கு உரிய காலம் அது. அது உங்களுக்குப் போய்விட்டது. ஆனால் நீங்கள் போகவேண்டிய இடமும் அது இல்லை. ஆளில்லாமல் தள்ளுபடியான மனுவைத் திரும்ப எடுக்கச் சொல்லி, தள்ளிய அதே நீதிமன்றத்திடம்தான் கேட்க வேண்டும்.

இன்று தம்பியை உள்ளே வைத்திருக்கும் காகிதம் எது?

நீங்கள் கேட்காத கேள்வி இது. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது.

ஆட்கொணர்வு மனுவின் வேலை ஒன்றே ஒன்று. "இவரை எந்த அதிகாரத்தில் வைத்திருக்கிறாய், காட்டு" என்று காவலில் வைத்திருப்பவரைக் கேட்பது. குற்றவாளியா சுற்றவாளியா என்று அது பார்க்காது. காவலுக்குப் பின்னால் உள்ள காகிதத்தைப் பார்க்கும்.

நம் நாட்டில் இதற்கு ஒரு பழைய கதை உண்டு. பிரேஸ்கேர்டில் என்ற அவுஸ்திரேலிய இளைஞர் மலையகத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் வேலை பழக வந்தார். தோட்டத் தொழிலாளர் பக்கம் நின்று மேடைகளில் பேசத் தொடங்கினார். 1937இல் ஆளுநர் ஸ்டப்ஸ், 1896ஆம் ஆண்டின் ஒரு கட்டளையை எடுத்துக்காட்டி அவரை நாடுகடத்தச் சொன்னார். பிடித்தும்விட்டார்கள். ஆட்கொணர்வு மனு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அவர் பேசியது சரியா பிழையா என்பதை நீதிபதிகள் தீர்மானிக்கப் போகவில்லை. ஆளுநர் காட்டிய காகிதத்தைப் பார்த்தார்கள். அந்த அதிகாரம் அவசரநிலைக் காலத்துக்கானது, சாதாரண காலத்தில் ஆளுநர் நினைத்தபடி எடுத்துப் பாவிக்க முடியாது என்று சொல்லி ஆளை விடுவித்தார்கள்.

இனி உங்கள் தம்பியின் காகிதத்துக்கு வருவோம். அம்மா மனுப் போட்ட நாளில் அவரை வைத்திருந்தது அமைச்சர் கையெழுத்திட்ட தடுப்புக்காவல் கட்டளை. அதை ஆட்கொணர்வு மனுவில் கேள்வி கேட்டது சரியான வழி. ஆனால் அந்தக் கட்டளை முடிந்து ஒன்பது மாதம் ஆகிறது. இன்று அவரை வைத்திருப்பது நீதவானின் விளக்கமறியல் கட்டளை. ஒரு நீதிமன்றத்தின் கட்டளைப்படி உள்ளே இருப்பவருக்கு, அந்தக் கட்டளையே அதிகாரமில்லாமல் போடப்பட்டது என்று காட்ட முடிந்தால் ஒழிய, ஆட்கொணர்வு மனு பெரிதாக உதவாது. "அவர் விளக்கமறியலில் இருக்கிறார்" என்று சட்டமா அதிபர் திணைக்களத்தின் சட்டத்தரணி எழுந்து ஒரு வரி சொன்னால், மனு அந்த இடத்திலேயே தளர்ந்துவிடும்.

ஆகவே பழைய மனுவுக்கு உயிர் கொடுப்பதற்காக உங்கள் பணத்தையும் பலத்தையும் முழுவதுமாகச் செலவழித்துவிடாதீர்கள். வெற்றி கிடைத்தாலும், இல்லாமல் போன ஒரு காகிதத்துக்கு எதிரான வெற்றியாக அது நிற்கக்கூடும்.

முன்னால் இருக்கும் வழிகள்

பிணை. நான் முதலில் தட்டச் சொல்லும் கதவு இது. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இன் 48ஆம் இலக்கச் சட்டம். தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவந்து, 1982இல் நிரந்தரமாக்கினார்கள். அதன்படி விளக்கமறியலில் இருப்பவரை, வழக்கு விசாரணை தொடங்குமுன் சட்டமா அதிபரின் சம்மதம் இல்லாமல் நீதவான் விடமுடியாது. அதனால்தான் நீதவான் நீதிமன்றத்தில் ஒவ்வொரு தவணையும் "திகதி மட்டும் போடுகிறார்கள்" என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். 2022ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் திருத்தம் இரண்டு மாற்றம் கொண்டுவந்தது. தடுப்புக்காவல் கட்டளையின் மொத்தக் காலத்தை 18 மாதத்தில் இருந்து 12 மாதமாகக் குறைத்தது. கைது செய்து 12 மாதம் கடந்தும் வழக்கு விசாரணை தொடங்கவில்லை என்றால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் பிணை கேட்க வழி திறந்தது. உங்கள் தம்பிக்குப் பதினான்கு மாதம் ஆகிவிட்டது. குற்றப்பத்திரமே வரவில்லை. அந்த வாசலுக்கு அவர் இரண்டு மாதத்துக்கு முன்பே வந்துவிட்டார், யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. பிணை கட்டாயம் கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். கொடுப்பதும் விடுவதும் நீதிமன்றத்தின் கையில். ஆனால் இன்றைய நிலையில் சட்டம் நேராக உங்களைப் பார்த்துத் திறந்து வைத்திருக்கும் கதவு இதுதான்.

இதோடு சேர்த்து, சட்டமா அதிபருக்கு எழுத்து மூலம் ஒரு கோரிக்கையும் அனுப்பலாம். எதற்காகப் பிடித்தார்கள், இவ்வளவு மாதத்தில் என்ன ஆதாரம் கிடைத்தது, குற்றம் சாட்டப்போகிறீர்களா அல்லது விடுவிக்கச் சம்மதிக்கிறீர்களா என்று கேட்டு எழுத வேண்டும். பதில் வர நாளெடுக்கும். அனுப்பிய பிரதியும் பதிவுத்தபால் துண்டும் பிணை விண்ணப்பத்தில் பிறகு உதவும்.

பழைய மனுவைத் திரும்பப் பட்டியலில் போடுவது. ஆளில்லாமல் தள்ளிய மனுவைப் போதிய காரணம் இருந்தால் திரும்ப எடுக்கும் உள்ளார்ந்த அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. அதற்கு ஒரு விண்ணப்பமும் சத்தியக்கடதாசியும் வேண்டும். அம்மாவின் கதை இங்கேதான் பெறுமதி பெறுகிறது. ஒரு தவணைக்கு ஆஸ்பத்திரி. அனுமதிச் சீட்டும் வைத்தியரின் கடிதமும் இருக்க வேண்டும். அடுத்த தவணைக்கு வேறு அறையில் காத்திருந்தது. வழக்கைக் கைவிட்ட ஒருவர் காலையில் இருந்து மத்தியானம் வரை நீதிமன்றத்தில் காத்திருக்கமாட்டார். அன்றைய பஸ் டிக்கெட், வாசலில் எழுதிய பெயர், கூட உட்கார்ந்திருந்த யாராவது, எது இருந்தாலும் தேடி எடுங்கள். மூன்று மாதத் தாமதத்துக்கும் விளக்கம் சொல்ல வேண்டும்: இரண்டு மாதம் தெரியாது, தெரிந்த பிறகு ஒரு மாதம் என்ன செய்தீர்கள் என்று நாள்வாரியாக. இன்னும் ஒரு மாதம் யோசித்துக்கொண்டிருந்தால் அந்த ஒரு மாதத்துக்கும் காரணம் தேட வேண்டிவரும்.

இல்லாமல்போன கட்டளைக்கு எதிரான மனுவை ஏன் திரும்ப எடுக்க வேண்டும் என்று கேட்பீர்கள். ஆட்கொணர்வு மனு விசாரணையில் அடிப்படை உரிமை மீறலுக்கு முதற்தோற்ற ஆதாரம் (முதல் பார்வைக்கே தெரியும் ஆதாரம்) இருந்தால், மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 126ஆம் உறுப்புரையின் மூன்றாம் பந்தி சொல்கிறது. கைது செய்தபோது காரணம் சொல்லவில்லை, முதல் கிழமையில் அடித்தார்கள் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அந்த முறைப்பாடு இந்த வழியாகப் போக இடமுண்டு. நேராக அடிப்படை உரிமை மனுப் போடுவதென்றால் ஒரு மாதக் கெடு. அது எப்போதோ கடந்துவிட்டது. காவலில் இருந்தவர் வெளியே வந்து சுயமாக நடமாடத் தொடங்கிய நாளில் இருந்து அந்த மாதத்தை எண்ணிய தீர்ப்புகளும் உண்டு. அதனால் அந்தக் கதவையும் முழுவதுமாகச் சாத்திவிடாதீர்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவில் அந்த நாட்களிலேயே முறைப்பாடு ஏதும் செய்தீர்களா? ஒரு மாதத்துக்குள் செய்திருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலத்தை 1996இன் 21ஆம் இலக்கச் சட்டம் கெடுவில் இருந்து கழித்துவிடும். கடிதத்தில் இதைப்பற்றி ஒன்றும் இல்லை. வீட்டில் தேடிப் பாருங்கள்.

புது மனு. நாளைக்குத் தம்பியை வேறொரு தடுப்புக்காவல் கட்டளைக்கு மாற்றினால், அல்லது விளக்கமறியல் கட்டளை இல்லாமல் ஒரு நாளாவது வைத்திருந்தால், புது ஆட்கொணர்வு மனு போட முழுக் காரணம் உண்டு. மேல் மாகாண மேல் நீதிமன்றத்திலும் போடலாம். அரசியலமைப்பின் 154P உறுப்புரை மாகாண மேல் நீதிமன்றங்களுக்கும் அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. ஆனால் எங்கே போட்டாலும், முன்பு ஒன்று போட்டோம், அது இப்படித் தள்ளுபடியானது என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். சிலர் "சொல்லாமல் விடுங்கள், தெரியாது" என்று புத்தி சொல்வார்கள். மறைத்தது தெரிந்தால் நீதிமன்றம் அதற்காகவே மனுவைத் தூக்கி எறியும். நடந்ததைச் சொல்வதில் உங்களுக்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

பழைய கட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். "சிங்களத்தில் எழுதிய ஏதோ தாள்களில் கையெழுத்து வாங்கினார்களாம்." அந்த வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் மேலே படிக்க முடியாமல் இருந்தேன்.

சாதாரணச் சட்டத்தில் பொலிஸாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் வழக்கில் செல்லாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்தால் அது செல்லும். அது சுயவிருப்பத்தில் கொடுக்கப்படவில்லை என்று காட்டும் சுமையும் குற்றம்சாட்டப்பட்டவர் தலையில் விழுகிறது. 1990களில் ஒரு தமிழ் இளைஞருக்கு, தனக்குத் தெரியாத மொழியில் எழுதிய அப்படியொரு வாக்குமூலத்தை வைத்தே நீண்ட சிறைத்தண்டனை கொடுக்கப்பட்டது. 2004இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு, அந்தச் சுமையை அவர் தலையில் வைத்தது நியாயமான விசாரணைக்கான உரிமையை மீறியது என்று சொன்னது. 16ஆம் பிரிவு இன்னும் புத்தகத்தில் இருந்தபடியே இருக்கிறது.

அதனால், உங்கள் தம்பிக்குக் குற்றப்பத்திரம் வந்தால், உண்மை விளம்பல் விசாரணை என்று நாங்கள் சொல்லும் அந்தக் கட்டத்தில், வாக்குமூலம் எப்படி வாங்கப்பட்டது என்பதுதான் முழு வழக்காகவும் ஆகிவிடலாம். அப்போது அரச தரப்புக் கேட்கும் முதல் கேள்வி எனக்கு மனப்பாடம்: "அடித்தார்கள் என்றால் ஏன் இத்தனை காலம் யாரிடமும் சொல்லவில்லை?" அதற்குப் பதில் தள்ளுபடியான அந்தக் கட்டுக்குள் இருக்கிறது. கைதாகி மூன்றாம் மாதம், குற்றப்பத்திரம் வரும் என்றே யாருக்கும் தெரியாத காலத்தில், அம்மா சத்தியம் செய்து, திகதி போட்டு, நீதிமன்றத்தில் கொடுத்த தாள் அது. பார்க்கப் போன நாளில் தம்பியின் கையில் வீக்கம் இருந்தது என்று அதில் சொல்லப்பட்டிருந்தால், அந்த வார்த்தைகளை இனி யாராலும் பின்னால் சோடித்த கதை என்று இலகுவாகத் தள்ள முடியாது. மனு தள்ளுபடியானாலும் அந்தத் தாளின் திகதி அப்படியே நிற்கும். அத்தாட்சிப் பிரதியை முதல் வேலையாக எடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

சட்ட வைத்திய அதிகாரியிடம் தம்பியைக் காட்டினார்களா, அந்த அறிக்கை எங்கே, நீதவான் தடுப்பு நிலையத்துக்கு வந்து பார்த்தாரா, பார்த்தபோது தம்பி என்ன சொன்னார் என்பதையும் கேட்டு எழுதிவையுங்கள். தடுப்பு இடங்களை நீதவான் போய்ப் பார்க்க வேண்டும் என்று 2022 திருத்தம் சொல்கிறது.

அந்தச் சட்டத்தரணி

உங்கள் கோபம் எனக்கு விளங்குகிறது. என் தொழிலைச் சேர்ந்த ஒருவர் இப்படி நடந்திருந்தால் எனக்கும் வேதனையாக இருக்கிறது. அவர் மீது உயர் நீதிமன்றத்திடம் முறைப்பாடு செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. சட்டத்தரணிகளை ஒழுக்காற்று விசாரணை செய்யும் அதிகாரம் அந்த நீதிமன்றத்துக்குத்தான் இருக்கிறது. சட்டத்தரணிகள் சங்கத்துக்கும் எழுதலாம்.

ஆனால் வரிசையை மாற்றச் சொல்கிறேன். முதலில் அவருக்குப் பதிவுத்தபாலில் ஒரு மரியாதையான கடிதம் எழுதி, கட்டையும் பத்திரங்களையும் திருப்பிக் கேளுங்கள். உங்களுக்காக வழக்கை நடத்த அவருக்குக் கொடுத்த பதிலாள் பத்திரத்தை முறைப்படி இரத்துச் செய்யுங்கள். அது நிற்கும்வரை புதுச் சட்டத்தரணி உங்களுக்காகப் பத்திரம் தாக்கல் செய்வது சிக்கல். அவருக்கும் சுகமில்லாமல் போயிருக்கலாம், வேறு ஏதாவது நடந்திருக்கலாம். அவரே "என்னால்தான் தவறியது" என்று ஒரு சத்தியக்கடதாசி தந்தால், மனுவைத் திரும்ப எடுக்கும் விண்ணப்பத்துக்கு அது பெரிய பலம். நம் நீதிமன்றங்கள் சட்டத்தரணியின் தவறுதலை மன்னிக்கும். அலட்சியத்தைப் பெரும்பாலும் கட்சிக்காரரின் தலையிலேயே போடும். இது நியாயமா என்று கேட்டால், சிறையில் இருக்கும் ஒருவர் விடயத்தில் நியாயமில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனாலும் அதைத் தெரிந்துகொண்டு நடக்க வேண்டியிருக்கிறது. முறைப்பாட்டை முதலில் போட்டுவிட்டால் அவர் வாயைத் திறக்கமாட்டார்.

பணம், மொழி, பயம்

இனியும் கடன் வாங்காதீர்கள். சட்ட உதவி ஆணைக்குழு புதுக்கடை மேல் நீதிமன்றக் கட்டடத் தொகுதியிலேயே இருக்கிறது. 1978இல் இருந்து இயங்குகிறது. வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டணம் இல்லாமல் சட்டத்தரணி தருவதுதான் அதன் வேலை. கிராம சேவகரிடம் வருமானச் சான்று வாங்கிக்கொண்டு போங்கள். பயங்கரவாதத் தடைச் சட்ட வழக்குகளில் பழகிய ஒருவர் வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பது தவறில்லை.

நீதிமன்றத்தில் நடப்பது அம்மாவுக்கு விளங்கவில்லை என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். தமிழில் மனுக் கொடுக்கவும், நடப்பதைத் தமிழில் மொழிபெயர்த்துக் கேட்கவும் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. நடைமுறையில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எல்லாம் ஆங்கிலத்தில்தான் ஓடும், அது எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டால்தான் தருவார்கள்.

மனுப் போட்டால் உள்ளே இருப்பவருக்குக் கஷ்டம் கொடுப்பார்களா என்று தம்பி பயப்படுகிறார் போலத் தெரிகிறது. "விடு அக்கா" என்பதற்குள் அந்தப் பயமும் இருக்கலாம், உங்கள் செலவை நினைத்த வேதனையும் இருக்கலாம். பயத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பொலிஸ் தடுப்பில் இருந்ததற்கும் சிறைச்சாலையில் இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. சிறையில் பதிவு இருக்கிறது, பார்க்கப் போகிற நாள் இருக்கிறது, நீதவான் முன் தவணை இருக்கிறது. யாரும் கேட்டு வராத கைதியை விட, வெளியில் ஆள் ஓடித்திரிகிற கைதிக்குப் பாதுகாப்புக் கூட என்பது என் அனுபவம். ஏதாவது நடந்தால் அன்றைக்கே மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள். பிணை விண்ணப்பத்துக்கு மட்டும் தம்பியின் சம்மதம் கேளுங்கள். அவருடைய வழக்கு, அவருக்குத் தெரியாமல் எதுவும் செய்யவேண்டாம்.

அடுத்த கிழமை பார்க்கப் போகும்போது ஒரு சின்னக் கொப்பியில் இந்தக் கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். நேரம் குறைவாகத்தான் தருவார்கள். நீதவான் நீதிமன்றத்தில் பொலிஸார் கொடுத்த பி அறிக்கையின் இலக்கம் என்ன. அடுத்த தவணை எப்போது. கையெழுத்து வாங்கியது எந்த நாள், எத்தனை தாள், வாசித்துக் காட்டினார்களா, எந்த மொழியில், அறையில் யார் இருந்தார்கள். வைத்தியரிடம் எப்போது கொண்டுபோனார்கள். தம்பி சொல்வதை அப்படியே, அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். நாள் ஞாபகமில்லை என்றால் ஞாபகமில்லை என்றே எழுதுங்கள். ஊகித்து ஒரு நாளைப் போடாதீர்கள். கொப்பியின் முதல் பக்கத்தில், அம்மா அன்று எந்த அறையில், எத்தனை மணியில் இருந்து எத்தனை மணி வரை உட்கார்ந்திருந்தார் என்பதை இன்று இரவே அவரிடம் கேட்டு எழுதிவிடுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். சொன்ன பிறகு ஒரு பிடி சாப்பிட வையுங்கள்.